படத்தில் இடப்பக்கம் இருப்பவள்

ஓகே-அடோ, இபாடான்
9 செப்டம்பர் 1984

மதிப்பிற்குரிய இபிதுன் அத்தைக்கு,

உங்கள் கெஹின்டே முழங்காலிட்டு வணங்கி எழுதும் கடிதம். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அப்பா லாரியோடு கானோவுக்குப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை திரும்புவார். டாக்காரின் கடற்காற்று உங்கள் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். ஒத்துக்கொண்டால் எங்களுக்குச் சந்தோஷம். ஒத்துக்கொள்ளாவிட்டால் இபாடானுக்கே வந்துவிடச் சொல் என்கிறாள் அம்மா.

உங்கள் கடிதம் டுக்பே தபால் நிலையத்தில் பதினொரு நாள் கிடந்திருக்கிறது. முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பள்ளி விட்டு வரும்போது வாங்கி வந்து, அம்மா கடைக்கு அகாரா, அந்தப் பயற்று வடை, சுட்டு முடிக்கும்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்து, கையைத் துடைத்து, தலைத்துணியைச் சரியாகக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நீங்களே நேரில் வந்துவிட்டது போல. உங்கள் எழுத்துகள் முன்பைவிடப் பெரிதாக, ஒவ்வொன்றும் நிலக்கடலை அளவுக்கு இருந்தன. வரிகளும் போகப்போகக் கீழே சரிந்திருந்தன. பேருந்தில் உட்கார்ந்து எழுதினீர்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் மூன்று விஷயங்கள் கேட்டிருந்தீர்கள். ஜனவரியில் டாக்காரில் உங்கள் முப்பது வருட வேலையை ஒரே கூடத்தில் மாட்டப் போகிறார்கள், அதற்கு நீங்கள் எடுத்த எங்கள் வீட்டுப் படம் வேண்டும், நவம்பர் முடிவதற்குள் அனுப்ப முடியுமா என்பது ஒன்று. படத்துக்குக் கீழே பெயர் எழுத வேண்டும், இடப்பக்கம் இருப்பவள் டைவோவா கெஹின்டேவா என்பது இரண்டு. ஓகுன்பா ஆற்று வெள்ளத்தில் நெகட்டிவ்களோடு குறிப்பேடுகளும் போய்விட்டதால் உங்களுக்கு நினைவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்களைப் பற்றி இந்தத் தெரு என்ன நினைக்கிறது, ஒளிக்காமல் எழுது என்பது மூன்று.

முதல் கேள்விக்கு அம்மாவின் பதில் நல்ல பதில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாள், அதனால் எழுதுகிறேன்: "ஏற்கெனவே ஒருத்தி ஊருக்குப் போயிட்டா. மிச்சம் இருக்கிறதையும் கப்பல் ஏத்தி அனுப்ப என்னால ஆகாதுன்னு எழுது."

டைவோ நான்கு வயதில், தட்டம்மை வந்த வருடம், ஊருக்குப் போனாள். எங்கள் வீட்டில் அதை வேறு எப்படியும் சொல்வதில்லை. இரட்டையரில் ஒருவரைப் பற்றி அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை என்று உங்களுக்கே தெரியும். தெருவில் எல்லோரும் அம்மாவை இன்னமும் இயா இபேஜி, இரட்டையரின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் அவளிடமிருந்து போகவில்லை. அது நிலைத்ததற்கு நீங்களும் ஒரு காரணம். டைவோ போன பிறகு அம்மா இரண்டு வருடம் அடுப்பு வைக்கவில்லை, கடை போடவில்லை. நீங்கள் எடுத்த படம் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பயறு ஊறவைத்தாள். எனக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பயற்றின் வாசம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் வேலை என்ன செய்தது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. ஸ்டுடியோவுக்கு வந்த அன்று, தன்னால் பார்க்க முடியாது என்று அம்மா வெளியே நின்றுவிட்டாள். ஒரே துணியில் தைத்த இரண்டு கவுன்களை உங்கள் கையில் கொடுத்து, இது இவளுடையது, இது அவளுடையது என்று மட்டும் சொன்னாள். உடுத்த ஒரு பிள்ளைதான் இருக்கும்போது இரண்டு கவுன் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. முதலில் என் கவுனைப் போட்டுவிட்டு இடப்பக்க முக்காலியில் உட்காரவைத்தீர்கள். கேமராவின் காலில் கட்டியிருந்த முடிச்சு நூலை இழுத்து வந்து அதன் நுனியை என் மூக்கில் தொட்டுப் பார்த்தீர்கள். தூரம் மாறினால் முகம் மங்கிவிடும் என்றீர்கள். எனக்கு மூக்கு கூசியது. ஒரு படம் எடுத்த பிறகு டைவோவின் கவுனை மாட்டி வலப்பக்க முக்காலிக்கு மாற்றினீர்கள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் என்றால் இப்படித் திரும்பு, அப்படிப் பார் என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "உன் தங்கச்சி எப்பிடி உக்காருவா, காட்டு" என்று கேட்டீர்கள்.

டைவோ முதலில் பிறந்தவள்தான், ஆனாலும் உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வர அவளை முன்னால் அனுப்பியவள் நான். அதனால் நம் வழக்கப்படி நான்தான் அக்கா. அவள் ஒரு காலை மற்றக் காலின் மேல் போட்டுக் கீழ் உதட்டைக் கடித்துக்கொள்வாள். இரண்டு வருடமாக யாரும் என்னிடம் அவளைப் பற்றிக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் செய்து காட்டினேன். இருட்டறைக்கும் என்னைக் கூட்டிப்போனீர்கள். தாளின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஒருத்தியை அச்சிட்டீர்கள். பிறகு மறு பாதியை மூடி மற்றவளை. தட்டுத் தண்ணீருக்குள் நாங்கள் இருவரும் சேர்ந்து மெல்ல எழுந்து வந்தோம். நடுவில் இருந்த பிளாஸ்டிக் பூ ஜாடி ஒட்டுக் கோட்டை மறைத்துவிட்டது.

ஆகவே இடப்பக்கம் இருப்பது கெஹின்டே. வலப்பக்கம் இருப்பது டைவோ. ஆனால் அம்மா படத்தை மாட்டிய அன்றே இடப்பக்கத்து முகத்தைத் தொட்டு டைவோ என்று கூப்பிட்டாள். இரண்டு வருடம் கழித்து அன்றுதான் அவள் வாய்விட்டுப் பேசினாள், அத்தை. நான் எப்படித் திருத்துவேன்? ஒன்பது வருடமாக டைவோவுக்கு என்று வைக்கும் தேனும் கரும்பும் என் படத்துக்கு முன்னால் வைக்கப்படுகின்றன. "கெஹின்டே, தங்கச்சியப் பாத்துக்கோ" என்று அம்மா சொல்வது டைவோவின் படத்தைப் பார்த்து. உண்மையை எழுதி, நாளை அது அச்சாகி, யாராவது அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டால்? பொய்யை எழுதினால் டைவோ தன் சொந்தப் படத்திலேயே வேறு யாரோ ஆகிவிடுவாள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், யோசித்து எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு நிறையப் பதில் கிடைத்தது. தையல்காரர் ரஃபியூ பாபாவைத் தெரியுமல்லவா, உங்கள் ஸ்டுடியோவுக்கு அடுத்த கடைக்காரர்? வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். நீங்கள் இலா ஊரிலிருந்து வந்து உங்கள் மாமாவின் ஸ்டுடியோவில் பென்சிலால் நெகட்டிவ் திருத்திக்கொண்டிருந்த காலத்திலிருந்து சொன்னார், நான் குறிப்பு எடுத்தேன். வருகிறவர்கள் எல்லாம் உங்களையே பார்த்து, "படம் புடிக்கிறவர் எங்கம்மா?" என்று கேட்பார்களாம். நீங்கள், "துணிக்குள்ள இருக்காரு, இருங்க கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வீர்களாம். படம் எடுத்து முடித்துப் பணமும் கொடுத்த பிறகுதான் அவர்களுக்கு விளங்குமாம். இதைச் சொல்லும்போது பாபா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ஊசி விழுந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் கைவைக்காமல் தேடினோம்.

'காத்திருப்பவர்கள்' படங்களைப் பற்றியும் சொன்னார். பெட்ரோல் வரிசை, பிரசவ வார்டு வாசல், ரயிலடிப் பெஞ்சு. ஒன்றுமே நடக்காத படத்தை யார் பார்ப்பார்கள் என்று செய்தித்தாள்காரர்கள் திருப்பி அனுப்பினார்களாம். நீங்கள் பதினாறு வருடம் விடாமல் எடுத்தீர்கள். பிறகு லாகோசிலும் பாரிசிலும் மக்கள் அந்தப் படங்களுக்கு முன்னால் வரிசையில் காத்திருந்தார்கள் என்று எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கும் பத்திரிகையில் படித்தேன். அதே பத்திரிகையில் ஒருவர் உங்கள் இரட்டையர் படங்களைக் கெட்டிக்காரத் தந்திரம் என்று புகழ்ந்திருந்தார். அதற்கு நீங்கள், அது தந்திரம் இல்லை, குடும்பப் படம் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். அந்த வரியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளத்துக்கு மறுநாள் பற்றி மட்டும் பாபா சிரிக்காமல் சொன்னார். உங்கள் ஸ்டுடியோவில் சுவர்கூட மிஞ்சவில்லை. கழுத்தில் தொங்கிய கேமரா ஒன்றுதான். நீங்கள் அழுவீர்கள் என்று எல்லோரும் சுற்றி நின்றார்களாம். நீங்களோ, பிழைத்தவர்கள் நனைந்த கல்யாணப் படங்களையும் பிள்ளைகளின் படங்களையும் துணிக்கொடியில் கவ்வி மாட்டிக் காயவைப்பதைப் பார்த்து, வீடு வீடாகப் போய் அந்தக் கொடிகளைப் படமெடுத்தீர்களாம். ஒரு அம்மா ஆளில்லாத படம் எதற்கு என்றாளாம். இதுலதான் எல்லாரும் இருக்காங்க என்று நீங்கள் சொன்னீர்களாம்.

தெரு உங்களை நன்றியோடுதான் நினைக்கிறது. அம்மாவின் மறுப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடவுள் உங்கள் கால்களுக்கும் கண்களுக்கும் பலம் தரட்டும்.

உங்கள் பணிவுள்ள மகள்,
கெஹின்டே


ஓகே-அடோ, இபாடான்
28 அக்டோபர் 1984

அன்பும் மதிப்பும் நிறைந்த இபிதுன் அத்தைக்கு,

மறுபடியும் முழங்காலிட்டு வணங்குகிறேன். இந்த முறை ஏழு வாரம் தாமதித்ததற்கும் சேர்த்து. நீங்கள் இரண்டாவது கடிதமும் எழுதிவிட்டீர்கள். அது தட்டச்சில் வந்தது, கீழே கையெழுத்து மட்டும் உங்களுடையது. பெயரின் கடைசி எழுத்து தாளுக்கு வெளியே போய்விட்டிருந்தது. அம்மா அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உங்கள் முதல் கடிதத்தை எடுத்து, அந்தப் பெரிய எழுத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் உங்களுக்கு ஒரு பொய்க் கடிதம் எழுதினேன். முன்பு எழுதியது என் ஞாபகப் பிசகு, இடப்பக்கம் டைவோ, வலப்பக்கம் கெஹின்டே, அப்படியே அச்சிடுங்கள் என்று எழுதி, அகராதிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பள்ளிக்குப் போய்வந்தேன். அஞ்சல் பெட்டியைத் தாண்டும்போதெல்லாம் நாளைக்குப் போடலாம் என்று தோன்றும். நல்லவேளை, போடவில்லை.

போன சனிக்கிழமை எங்களுக்குப் பதினைந்து வயது நிறைந்தது. வழக்கம்போல அம்மா செம்பனை எண்ணெயில் பெரிய பானை நிறையப் பயறு வேகவைத்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் தட்டோடு வந்தார்கள். இரட்டையர் பயறு என்றால் ரஃபியூ பாபாவும் பிள்ளையாகிவிடுவார். தட்டை நீட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த படத்துக்குக் கிட்டே போனார். எத்தனையோ தடவை பார்த்த படம்தான். அன்றைக்குத்தான் புதுக் கண்ணாடி வந்திருந்ததாம்.

"அட, என் தையல் இன்னும் பிரியாம இருக்குது பாரு," என்றார். "இவ கவுன்ல நாலு பொத்தான், அவ கவுன்ல மூணு. ஒண்ணு கொறைஞ்சு போச்சு. ஊருக்குப் போனவ வந்து சண்டையா போடப்போறான்னு மூணு உள்ளத டைவோவுக்கு வெச்சேன்." சொல்லிக்கொண்டே கரண்டியால் வலப்பக்கத்து முகத்தைக் காட்டினார். "இந்தா, உக்காந்திருக்கா பாரு, மூணு பொத்தான்காரி."

ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்தது. அம்மா வாசற்படியில் பயற்றுக் கரண்டியோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையில் விழுந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, "பாபா, பயறு ஆறுது. பொத்தான எண்ணினது போதும், தின்னுங்க" என்று மட்டும் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு பானையை நாங்கள் இருவரும் சேர்ந்து கழுவினோம். நான் அழ ஆரம்பித்தேன். எனக்கு முதலிலிருந்தே தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன், நீ தப்பான பக்கத்தைக் கூப்பிடுகிறாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்றேன். அம்மா சாம்பல் கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெத்தவளுக்கு எது யாருன்னு தெரியாதா?" என்றாள். "மூணு பொத்தான் கவுன இது டைவோவோடதுன்னு சொல்லி இபிதுன் கையில குடுத்தவளே நான்தானே. படத்தப் பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. காலு மேல காலு. உதட்டக் கடிச்சுக்கிட்டு. நீ அவள அப்பிடியே கொண்டாந்து உக்கார வெச்சிருந்த."

அப்படியானால் ஏன் என்று கேட்டேன். அம்மா பானையைக் கவிழ்த்துவைத்துவிட்டு அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதப் பார்க்கிறேன்.

"ஒண்ணா வந்தவங்க, ஒருத்தி தனியா எத்தன நாளு இருப்பா? அக்காவக் கூட்டிட்டுப் போக வருவான்னு எல்லாரும் சொன்னாங்க. வந்தா நான் யாரக் கெஹின்டேன்னு கூப்பிடுறேன்னுதானே காது குடுத்துக் கேப்பா. அதான் அவ படத்தையே கெஹின்டேன்னு கூப்பிட்டேன். கையப் புடிச்சு இழுத்தா தன் கையத் தானே புடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போகட்டும்னு. ஒம்போது வருஷமா ஒரு புள்ளையக் காப்பாத்த இன்னொரு புள்ளைய ஏமாத்திட்டு இருக்கேன்."

அத்தை, நான் புத்தகங்களில் நிறையத் தாய்மார்களைப் படித்திருக்கிறேன். இப்படி ஒருத்தியைப் படித்ததில்லை. ஒன்பது வருடம் அவள் தேனை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒவ்வொரு நாளும் தெரிந்தே வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே நான் இருந்து அவளுக்காக இரங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா கடையிலிருந்து கூப்பிட்டாள். என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று அளந்து பார்த்தாள். நான் அவளைவிட நான்கு விரல் உயரம். "இனிமே உன்ன யாரு தூக்கிட்டுப் போக முடியும்? நீதான் அகராதியும் பையுமா கழுதை பாரம் சொமக்குற" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ பேர அவளுக்கே குடுத்துடலாம். வலப்பக்கம் டைவோன்னு எழுதிப் போடச் சொல்லு. கூட்டமா வந்து படிக்கட்டும்" என்றாள்.

படத்தை அன்று மாலையே சுவரிலிருந்து எடுத்தாள். முதல்முறையாக வலப்பக்கத்து முகத்தைத் தொட்டு டைவோ என்று கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நான் பூதக்கண்ணாடியால் பொத்தான்களை எண்ணினேன். பாபா சொன்னது சரிதான், மூன்று. பிறகு அதை அம்மாவின் பழைய நீலத் துணியில் சுற்றி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டினோம். வருகிற வியாழக்கிழமை அப்பா லாகோசுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறார். நீங்கள் சொன்ன அலுவலகத்தில் தன் கையால் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவார். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதுதான் அம்மாவின் ஒரே கவலை.

சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அம்மா அந்த வெளுப்புக்கு முன்னாலும் தேன் வைக்கிறாள், இப்போது வலப்பக்கம்.

அச்சிட வேண்டியதை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்: "இடம்: கெஹின்டே. வலம்: டைவோ. இபாடான், 1975." வேறொன்றும் வேண்டாம். பார்க்கிறவர்கள் தந்திரம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நன்றி சொல்ல எனக்குச் சரியான வரி கிடைக்கவில்லை, அகராதியிலும் தேடிவிட்டேன். நீங்கள் அன்று என் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் என் தங்கை எப்படி உட்காருவாள் என்பது எனக்கே மறந்துபோயிருக்கும். அம்மாவுக்கு ஏமாற்றுவதற்குக்கூட ஒரு மகள் இருந்திருக்க மாட்டாள். முப்பது வருடத்தில் இப்படி எத்தனை வீட்டுச் சுவர்களில் எத்தனை பேரை உட்காரவைத்திருப்பீர்கள். அவர்கள் எல்லோர் சார்பிலும் எழுத எனக்கு உரிமை இல்லை. எங்கள் மூன்று பேர் சார்பில் எழுதுகிறேன்.

அம்மா ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். அதை எழுதாமல் கடிதத்தை மூடக்கூடாது என்று பக்கத்திலேயே நிற்கிறாள். டைவோ ஒன்பது வருடமாகப் படத்தில் ஆறு வயதிலேயே நிற்கிறாளாம். அக்கா வளர்ந்துவிட்டாள், அவளும் வளர வேண்டாமா என்று கேட்கிறாள். ரஃபியூ பாபா இரண்டு கவுனுக்கும் துணி வெட்டிவிட்டார். இந்த முறை இரண்டிலும் நான்கு நான்கு பொத்தான். இனி யார் சண்டை போட்டாலும் தன்னைக் கேட்கக் கூடாது என்கிறார். கண்காட்சி முடிந்ததும் நீங்களே படத்தோடு வந்து எங்கள் இருவரையும் மறுபடி எடுக்க வேண்டும், அதை வேறு யார் கையிலும் கொடுத்தனுப்பக் கூடாது.

இருட்டறை வேலையை நான் செய்கிறேன், கறுப்பு அட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு நினைவிருக்கிறது. முற்றத்தில் காலை ஒன்பது மணி வெளிச்சம் நன்றாக விழுகிறது. மூன்று நாளாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். ஃபோகஸைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம், அத்தை. முடிச்சுப் போட்ட நூல் ஒன்றைத் தயார் செய்துவிட்டேன். நுனியை நானே என் மூக்கில் தொட்டுப் பிடித்துக்கொள்கிறேன். தூரம் சரியானதும் இழுத்துக் காட்டுகிறேன், நீங்கள் பொத்தானை அழுத்தினால் போதும்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் மகள்கள்,
டைவோ, கெஹின்டே